வானத்தைப் பார்த்துச் சுட்ட குண்டு

குண்டு நேராகப் போகும் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நேராக எங்கே போகிறது? குழாயை விட்டு வெளியே வந்த கணத்திலிருந்து அது விழுந்துகொண்டேதான் போகிறது. கையிலிருந்து நழுவுகிற சாவிக்கொத்து எப்படி விழுமோ அப்படித்தான். சாவிக்கொத்து காலடியில் விழும். குண்டு விழுந்து முடிப்பதற்குள் நாலு தெருவைத் தாண்டிவிடும். அவ்வளவுதான் வித்தியாசம்.

தடயவியல் ஆய்வகத்தின் துப்பாக்கிப் பிரிவில் எனக்கு இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. போலீஸ் கொண்டுவந்து தருகிற துப்பாக்கியை ஒரு நீளமான தண்ணீர்த் தொட்டிக்குள் சுடுவோம். அடியில் போய்க் கிடக்கிற குண்டை எடுத்து, செத்தவர் உடம்பிலிருந்து எடுத்த குண்டோடு சேர்த்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்போம். குழாயின் உட்புறத்தில் திருகு திருகாகப் பள்ளம் வெட்டியிருக்கும். குண்டு அதில் உரசிச் சுழன்றுகொண்டே வெளியே வரும். சுழல்வதால்தான் புரண்டுவிடாமல் மூக்கை முன்னால் நீட்டிக்கொண்டு போகிறது. அந்த உரசலில் விழுகிற கீறல் துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும். விருந்துக்குப் போன இடத்தில் யாராவது என் வேலையைப் பற்றிக் கேட்டுவிட்டால் தொலைந்தார்கள். வெடிமருந்து எரிந்து வாயுவாகிறது, இடம் போதாத வாயு குண்டை முன்னால் தள்ளுகிறது, அதே தள்ளு துப்பாக்கியைப் பின்னால் தோளில் இடிக்கிறது என்று ஆரம்பித்தால் அவர்கள் கை கழுவப் போகிற வரை விடமாட்டேன். எனக்கு வாயில்தான் ட்ரிகர் லூசு என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார்.

இவ்வளவு தெரிந்தவள் கடைசியில் என்ன செய்தேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் தம்பி ஒரு மில் வாசலில் ஆயுதக் காவலாளி. என்னைவிட ஆறு வயது சின்னவன். எங்கள் அப்பா போனபிறகு அவனைப் படிக்கவைத்து, கல்யாணம் செய்துவைத்து, மாடியிலேயே குடிவைத்தவள் நான். அந்த மில்லை மூடப்போவதாக ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நோட்டீஸ் ஒட்டினார்கள். பத்து மணிக்கெல்லாம் வேலை போனவர்கள் முந்நூறு பேர் வாசலில் திரண்டுவிட்டார்கள். கல் வந்தது. கேட்டின் ஒரு கதவு சாய்ந்தது. கூட்டம் உள்ளே வந்தால் வானத்தைப் பார்த்து ஒரு முறை சுடலாம் என்பது கம்பெனி கொடுத்திருந்த விதி. தம்பி தன் ரைஃபிளால் ஒரு முறை சுட்டான்.

கூட்டத்தில் யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் எழுநூறு மீட்டர் தள்ளி, ஒரு மூன்று மாடி வீட்டின் மொட்டை மாடியில், துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் செத்துப்போனாள். கீழே கடை வைத்திருக்கிற தையல்காரரின் மனைவி. குண்டு கழுத்துக்குக் கீழே, முதுகில் நுழைந்திருந்தது. தோளில் அவள் மடித்துப் போட்டிருந்த ஈரப் போர்வையைத் துளைத்துக்கொண்டு போய் எலும்பில் நின்றுவிட்டது. எதிர் மேஜையில் உட்கார்ந்து என்னோடு பதினைந்து வருஷமாக வேலை செய்கிறவர்தான் அதைப் பார்த்தார். சொந்தக்காரி என்பதால் என்னை அந்தப் பக்கமே விடவில்லை, அது நியாயம். கீறல் பொருந்துகிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அன்று முழுக்க அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

குண்டு தம்பியுடையது என்பதில் சந்தேகமே இல்லை. அவன் எந்தப் பக்கம் சுட்டான் என்பதுதான் வழக்கே. வானத்தைப் பார்த்துச் சுட்டிருந்தால் விதிப்படி நடந்திருக்கிறான், துரதிர்ஷ்டம், வேலை போகும், ஆள் வீட்டுக்கு வந்துவிடுவான். ஆட்களைப் பார்த்துச் சுட்டுக் குறி தப்பியிருந்தால் அவன் தலை நரைக்கிற வரை உள்ளேதான். கூட்டத்தில் பாதிப் பேர் மேலே சுட்டான் என்றார்கள், பாதிப் பேர் எங்களைப் பார்த்துச் சுட்டான் என்றார்கள். எல்லோரும் அவன் துப்பாக்கியைத் தூக்கியதுமே முதுகைக் காட்டி ஓடியவர்கள். கேட் கேமரா ஆறு மாதமாகச் செத்துக் கிடந்தது. குண்டு பட்ட கணத்தில் அந்தப் பெண் வாளிக்குக் குனிந்திருந்தாளா நிமிர்ந்திருந்தாளா என்று யாரும் பார்க்காததால் காயத்தின் சாய்வை வைத்தும் எதுவும் சொல்ல முடியவில்லை.

“மேலதான்க்கா சுட்டேன்” என்று முதல் நாளே என்னிடம் சொன்னான். நான் நம்பினேன். என் தம்பியை நான் நம்பாமல் வேறு யார் நம்புவது?

வக்கீல் நல்ல கெட்டிக்காரர். அவர்கள் ஒன்று சொல்கிறார்கள், நாம் ஒன்று சொல்கிறோம், சந்தேகம் வந்தால் நமக்குத்தான் லாபம், நீங்கள் பேசாமல் வீட்டில் இருங்கள் மேடம் என்றார். பேசாமல் இருக்கத் தெரிந்திருந்தால் நான் எப்போதோ உருப்பட்டிருப்பேன். அவர் மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்து அவருக்குப் பாடம் நடத்தினேன். ஒரே தூரத்தில் போய் விழ ஒரு குண்டுக்கு இரண்டு வழி உண்டு. தோட்டத்துக் குழாயைப் பிடித்துத் தண்ணீர் விடுகிறவர்களுக்கு இது தெரியும். தூரத்துச் செடிக்குக் குழாயைத் தாழ்வாகப் பிடித்தும் தண்ணீரை அடிக்கலாம், நெட்டுக்குத்தாகத் தூக்கிப் பிடித்தும் விழவைக்கலாம். எழுநூறு மீட்டர் தள்ளி இருக்கிற மாடிக்குக் குண்டு போக வேண்டுமென்றால் துப்பாக்கி கிட்டத்தட்டப் படுத்திருக்க வேண்டும், இரண்டு டிகிரிகூடத் தூக்கியிருக்கக் கூடாது. இல்லையென்றால் கிட்டத்தட்ட நிமிர்ந்து வானத்தைப் பார்த்திருக்க வேண்டும். நிமிர்ந்து போன குண்டு மைல் கணக்கில் ஏறி, நின்று, திரும்பி, கிட்டத்தட்ட ஒரு நிமிஷம் கழித்துத்தான் தரைக்கு வரும். வரும்போது பாதிக்கு மேல் வேகம் செத்திருக்கும். அதனால்தான் எலும்பில் நின்றுவிட்டது என்றேன். வக்கீலுக்குக் கண் விரிந்தது. இதை ஒரு படமாகப் போட்டுத் தர முடியுமா என்று கேட்டார்.

அவரிடமிருந்த வழக்குக் காகிதங்களில் செத்த பெண்ணின் நாத்தனார் கொடுத்த வாக்குமூலத்தின் நகலும் இருந்தது. சம்பவத்தின்போது மாடியில் கூட இருந்தவள் அவள் ஒருத்திதான். ‘துப்பாக்கிச் சத்தம் கேட்டது. சிறிது நேரத்தில் அண்ணி கீழே விழுந்தார்’ என்று எழுதியிருந்தது. எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. சத்தம் ஒரு நொடியில் முந்நூற்று நாற்பது மீட்டர் போகும், இரண்டு நொடியில் அங்கே போய்விடும். அதற்குப் பிறகு சிறிது நேரம் கழித்து அவள் விழுந்தாள் என்றால் குண்டு மேலே போய்விட்டு வந்திருக்கிறது. தம்பி பொய் சொல்லவில்லை. படத்துக்குச் சரியான தூரமும் உயரமும் வேண்டும், நானே போய் அளந்து வருகிறேன் என்று கிளம்பினேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை.

தையல்காரர் கடையில் இருந்தார். லேபிலிருந்து வருகிறேன் என்று சொன்னேன், அது பொய்யில்லை, ஆனால் உண்மையுமில்லை. அவர் எழுந்து நின்று, இஞ்ச் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்து மேஜையில் வைத்துவிட்டு, தங்கையைக் கூப்பிட்டு மாடிக்குக் கூட்டிப்போகச் சொன்னார். அவள் பேச்சை ரொம்ப எடுத்துக்காதீங்க, முன்னுக்குப் பின் மாத்திப் பேசுவா என்று தாழ்ந்த குரலில் என்னிடம் சொன்னார்.

மாடியில் கொடிக்கயிறு அப்படியே இருந்தது. மில்லின் கேட் அங்கிருந்து தெரிந்தது, நடுவில் தாழ்வான கூரைகள் மட்டுமே. தூரம் அளக்கிற கருவியை வைத்து அளந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் நின்ற தங்கையிடம் பேச்சுக் கொடுத்தேன். சத்தம் கேட்டு எவ்வளவு நேரம் கழித்து விழுந்தார்கள் என்று கேட்டேன்.

“கழிச்சு இல்லீங்க. முன்னாடி” என்றாள் அவள். “நான் அந்தப் பக்கம் திரும்பி க்ளிப் போட்டுட்டு இருந்தேன். ஈரத் துணிய உதறுனா பட்டுனு ஒரு சத்தம் வருமில்ல, அது மாதிரி வந்துச்சு. அண்ணிதான் போர்வைய உதறுறாங்கன்னு திரும்பினேன். அவங்க அப்படியே மடங்கி உக்காந்துட்டாங்க. அதுக்கு அப்புறம்தாங்க மில் பக்கத்துல டமார்னு கேட்டுச்சு. எழுதுனவர் கிட்ட இப்படித்தான் சொன்னேன். அது எப்படிம்மா, சத்தம் வந்தாத்தானே விழுவாங்கன்னு அவரே மாத்தி எழுதிக்கிட்டாரு.”

என் கை கருவியின்மேலேயே இருந்தது. அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை என்பது எனக்குத் தெரிந்துவிட்டது, இந்த ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும். தாழ்வாகச் சுட்ட ரைஃபிள் குண்டு சத்தத்தைவிட வேகமாகப் போகும். அது காற்றைக் கிழிக்கிற சத்தம்தான் அவள் கேட்ட அந்த ஈரத்துணி. துப்பாக்கியின் சொந்தச் சத்தம் ஒரு நொடி பிந்தித்தான் வந்து சேரும். மேலே போன குண்டு ஒருநாளும் சத்தத்துக்கு முன்னால் வராது. வேகம் சாகவில்லை, ஈரப் போர்வையும் எலும்பும் சேர்ந்துதான் அதை நிறுத்தியிருக்கின்றன. நான்தான் எனக்குப் பிடித்த மாதிரி கணக்குப் போட்டுக்கொண்டேன்.

கீழே வந்தபோது தையல்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன். தங்கை ஏதாவது உளறினாளா என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

மறுநாள் ஜெயிலுக்குப் போனேன். இரும்பு வலைக்கு அந்தப் பக்கம் தம்பி இளைத்துப்போய் நின்றான். வீட்டில் எல்லோரும் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டான். அந்தக் குண்டு ஒரு நொடியில் போய்ச் சேர்ந்திருக்கிறது, வானத்துக்குப் போனதென்றால் ஒரு நிமிஷம் ஆகும், இப்போது சொல் என்றேன். வெகுநேரம் வலையின் ஒரு கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டு வந்து நிற்பதும் இப்படித்தான், அடிக்கவும் தோன்றாது, விடவும் தோன்றாது.

“ஒருத்தன் மட்டும் ஓடலக்கா” என்றான். “கேட்டுக்குள்ள வந்து நின்னுட்டு என்னையே பாத்துச் சிரிச்சான். சுடுறா பாப்போம்னான். அவன் தலையத்தான் பாத்தேன். அழுத்துறதுக்குப் பதிலா ட்ரிகர வெடுக்குனு இழுத்துட்டேன், துப்பாக்கி மேல தூக்கிருச்சு. அவன் குனிஞ்சு எந்திரிச்சு ஓடிட்டான். சத்தியமா அக்கா, அதுக்கப்புறம் மேலதான் சுட்டேன்னு நானே நம்பிட்டேன். இப்பக்கூட கண்ண மூடுனா வானம்தான் தெரியுது.”

அந்த ஆள் குனிந்து நிமிர்வதற்குள் எழுநூறு மீட்டர் தள்ளி அவள் செத்திருப்பாள். அதை அவனிடம் சொல்லவில்லை. கிளம்பும்போது, வெளியே சொல்லிவிடாதே அக்கா என்றான். இல்லை என்றேன். வீட்டுக்கு வந்ததும் தம்பி மனைவி மாடிப்படியிலேயே வழிமறித்து, அளந்து பார்த்தீங்களே என்ன ஆச்சு அண்ணி என்று கேட்டாள். எல்லாம் நமக்குச் சாதகமாகத்தான் இருக்கிறது என்று சொன்னேன். அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது, ஏன் என்று தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து அந்தப் படத்தை நானே வரைந்து கொடுத்தேன். அளவு சரியாக, கோடு சுத்தமாக. மில் வாசல், ஏறிப் போகிற வளைவு, உச்சி, இறங்கி வருகிற வளைவு, மாடி. பக்கத்தில் என் கையெழுத்திலேயே ‘பறக்கும் நேரம்: 55 நொடி’ என்று எழுதினேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

விசாரணையன்று வக்கீல் அதைப் பெரிதாக்கி மாட்டிவைத்து விளக்கினார். பாடம் நன்றாகப் பதிந்திருந்தது, என் தோட்டக் குழாயைக்கூட விடவில்லை. தையல்காரரின் தங்கை கூண்டில் ஏறி, அண்ணி முதலில் விழுந்தார்கள், சத்தம் பிறகுதான் வந்தது என்று மறுபடியும் சொன்னாள். அடி விழுவதற்கு முன்னாலேயே அழுகிற ஆளைப் பார்த்திருக்கிறோம், சுடுவதற்கு முன்னாலேயே விழுகிற ஆளை இப்போதுதான் கேள்விப்படுகிறோம் என்று வக்கீல் சொன்னார். கோர்ட்டே சிரித்தது. நீதிபதியும் லேசாகச் சிரித்தார். எதிர்த் தரப்பு வக்கீல் எழுந்திருக்கவேயில்லை. என் எதிர் மேஜைக்காரரைக் கீறலைப் பற்றி மட்டும் கேட்டு முன்னாலேயே அனுப்பிவிட்டிருந்தார்கள். அவள் முகம் சிவந்து, நான் பார்த்தேங்க, நான் பார்த்தேங்க என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு இறங்கினாள். அண்ணன் அவளைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனார். நான் தலையைத் தூக்கவில்லை. என்னை மாதிரி ஒரு பாவி அந்த அறையில் வேறு யாரும் இல்லை.

தீர்ப்பு நாளன்று எங்கள் வழக்கைக் கூப்பிட நேரமாகும் என்றார்கள். தம்பி மனைவி வக்கீலோடு வாசலில் நின்றாள். நான் தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். தையல்காரர் என்னைப் பார்த்துவிட்டு நேராக வந்து, கொஞ்சம் இடம் விட்டு உட்கார்ந்தார். நான் யாருடைய அக்கா என்பது அவருக்கு அப்போதும் தெரியாது. லேப் மேடம், உங்களிடம் ஒன்று கேட்கணும், வேறு யாரிடம் கேட்பதென்று தெரியவில்லை என்றார். பாதியாகியிருந்தார். சட்டைப் பொத்தான் ஒன்று இல்லை, தையல்காரருக்கு.

அந்த வக்கீல் படம் மாட்டிக் காட்டியது நிஜமா என்று கேட்டார். சத்தம் கேட்ட பிறகு அவ்வளவு நேரம் கழித்துத்தான் குண்டு வந்ததா?

நான் என் கையைப் பார்த்தேன். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தங்கை சொன்னதுதான் உண்மை, சத்தம் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது என்று சொன்னால் போதும். வாசலில் தம்பி மனைவி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். போலீஸ் வண்டி வந்து நின்று, தம்பி இறங்கினான். கூட்டத்தில் என்னைத் தேடினான்.

“ஆமாங்க” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். “எனக்குச் சத்தம் கேட்டுச்சுங்க. மிஷின்ல உக்காந்திருந்தேன். ஏதோ டயர் வெடிச்சிருக்குன்னு நெனச்சு அந்தத் தையலை முடிச்சேன். ஒரு காலர்.” சட்டையில் பொத்தான் இல்லாத இடத்தைத் தடவினார். “மேல ஓடியிருந்தா அவளை இழுத்து உள்ள போட்டிருக்கலாம்.”

எதையாவது சொல்லி அவரை அதிலிருந்து வெளியே எடுத்துவிட வேண்டும் போல இருந்தது. உண்மையைத் தவிர வேறு எதையாவது சொல்லி. ஒரு நிமிஷம் என்பது ஒன்றுமே இல்லை என்றேன். விஷயம் என்னவென்று புரிவதற்கே அரை நிமிஷம் போய்விடும் என்றேன். “அதுக்குள்ள மூணு மாடி ஏற யாராலயும் முடியாதுங்க. நீங்க நெனச்சாலும் போய்ச் சேர்ந்திருக்க மாட்டீங்க.”

“முடியுதுங்க” என்றார் அவர். சட்டைப் பையிலிருந்து மடித்த ஒரு காகிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். துணி அளவு எழுதுகிற காகிதம். தேதி போட்டு, பக்கத்தில் பக்கத்தில் எண்கள். முப்பத்தெட்டு. முப்பத்தாறு. முப்பத்தொன்பது. முப்பத்தைந்து. கடைசியாக அன்றைய தேதி இருந்தது. “தினமும் காலையில மிஷின்ல இருந்து எந்திரிச்சு ஓடிப் பாக்குறேன். தங்கச்சி மேல நின்னு கடிகாரம் பாக்குறா. நாப்பது நொடியத் தாண்டுனதே இல்லீங்க.”

காகிதத்தைத் திரும்பக் கொடுத்தேன். அவர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, நீங்கள் ஒருத்தர்தான் என்னிடம் இதைப் பற்றிப் பேசினீர்கள், ரொம்ப நன்றி என்றார். உள்ளேயிருந்து எங்கள் வழக்கு எண்ணைக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்து, எனக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார். நான் அவருக்கு முன்னால் உள்ளே போனேன்.